ஊசலுக்கு எத்தனை அடி உயரம்?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளைக் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு அழைத்துப்போய் வர ஒரு நாள் ஆகிவிடுகிறது. வடசென்னைக்கு ஓர் அறிவியல் மையம் கேட்டு மனு கொடுக்கப்போகிறோம். எந்த இடத்தைக் கேட்கலாம்? அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டு அறிவியலாளர்களே இதைச் செய்யக்கூடாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு மட்டும் வேண்டாம், வழக்கில் மாட்டும்.

அரசியல்வாதிகளை ஒதுக்கச் சொல்வது சோம்பேறிப் பேச்சு. நிலமும் வருடா வருடம் பராமரிப்புப் பணமும் அவர்கள் கையெழுத்தில்தான் வரும். கோளரங்கத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள்: 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மறு வருடமே குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அரசு அறிவித்தது. வழக்குப் போட ஆள் இருந்ததால் உயர் நீதிமன்றம் தடுத்தது.

என் கவலை அடிக்கல் நாட்டும் தேதி. தேர்தல் நடத்தை விதி வருமுன் கல் நாட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், கையிலிருக்கும் பள்ளிக்கட்டட வரைபடத்தையே 12 அடிக் கூரையோடு டெண்டருக்கு அனுப்பிவிட முடியும். உள்ளே என்ன வைப்பது என்ற பேச்சு அதற்கப்புறம்தான். அங்கேதான் கெடுகிறது.

ஃபூக்கோ ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளக் கம்பியில் தொங்கி ஆடும் கனமான உலோகக் குண்டு அது. ஆடும் திசை மெல்லத் திரும்புவதை வைத்து, பூமி சுழல்வதைக் கண்ணுக்குக் காட்டும் கருவி. 1851-இல் பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் தொங்கவிட்டார்கள். அங்கே ஊசலாடும் திசை மணிக்கு 11 பாகைக்கு மேல் திரும்பும். சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அட்சரேகை 13 பாகை. இங்கே மணிக்கு 3.4 பாகைதான், முழுச்சுற்றுக்கு நான்கு நாளைக்கு மேல். கம்பி குட்டையாக இருந்தால், குண்டு நேர்கோட்டை விட்டு நீள்வட்டமாக ஆடத் தொடங்கியதும் வரும் பொய்த் திருப்பம் இந்த 3.4 பாகையை விழுங்கிவிடும். மேலே பிடிக்கும் கவ்வி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறுகாவிட்டாலும், ஏசி காற்று குண்டின்மேல் பட்டாலும் இதே கதி. குறைந்தது 10 மீட்டர் கம்பி வேண்டும். தளம் போட்டு முடித்த பிறகு அதற்கு எங்கே ஓட்டை போடுவது?

ஆகவே மனுவில் முதலில் காட்சிப்பொருள் பட்டியல், அதன்படி கூரை உயரம், பிறகு வரைபடம் என்று வரிசையாக எழுதுங்கள். பிள்ளைகள் அழுத்தும் பொத்தானுக்கு வீட்டு அழைப்புமணி ஸ்விட்ச் போடாமல் ஆலைகளில் போடும் தரத்தில் கேளுங்கள், கையிருப்பில் உதிரியும் இருக்கட்டும்.

ஊசல் நடுவிலிருந்து ஒரு மீட்டர் வீசினால், அந்த வட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி நிறுத்துங்கள். கால் மணிக்கு ஒன்று சாயும். 45 நிமிஷப் பாடவேளையில் உங்கள் பிள்ளைகள் மூன்று குச்சி விழுவதைப் பார்த்துவிடுவார்கள்.