கடல் காணியைத் தின்கிறதா? முதலில் இரண்டு தடியை எடுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து அளம்பிலில் இருந்து ஒருவர் கேட்கிறார்: "வீட்டுக்கு முன்னால் கரை சுருங்குகிறது. செய்மதிப் படம் இரண்டைக் காட்டி, 12 மீட்டர் போய்விட்டது, விலை விழுமுன் காணியை விற்றுவிடுங்கள் என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?"

விற்காதீர்கள். இரண்டு படமும் எந்த மாதத்தில் எடுத்தவை என்று அவரைக் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். ஒன்று புரட்டாதி, மற்றது தை என்றால் அவர் காட்டுவது வாடைக்காற்றின், அதாவது மாரிக்கால வடகீழ்க்காற்றின், வேலையை. வாடையில் அலை மணலை இழுத்துப்போய் அலை உடைகிற இடத்தில் மேடாகப் போடும், சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கடல் அடங்கினதும் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றும். கரைவலை இழுக்கிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். அப்புறம், இலவசமாகக் கிடைக்கும் படத்தில் ஒரு புள்ளியே தரையில் சென்டினல்-2 செய்மதி என்றால் 10 மீட்டர், லேண்ட்சாட் செய்மதி என்றால் 30 மீட்டர். கரைச்சரிவு பத்துக்கு ஒன்று என்றால், நீர் 30 சென்டிமீட்டர் ஏறினாலே கரை 3 மீட்டர் உள்ளே வந்ததுபோல் தெரியும். இந்தப் படத்தையே அச்சடித்து 'அறிக்கை' என்று காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், கவனம்.

நீங்களே அளக்கலாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு தடி, சென்டிமீட்டர் குறித்தது. அசையாத ஓர் இடத்தில் தொடங்குங்கள், கிணற்றுக்கட்டு நல்லது, வேலிக்கதியால் வேண்டாம். அங்கிருந்து கடலை நோக்கி ஒரே நேர்கோட்டில் இரண்டு மீட்டருக்கு ஒரு தரம் தடியை மாற்றி மாற்றி நட்டுப் போங்கள். பின்தடியில் கண்ணை வைத்து, முன்தடியின் நுனியும் அடிவானமும் ஒன்றாய்த் தெரிகிற உயரத்தைப் பாருங்கள். அது பின்தடியின் நுனியிலிருந்து எவ்வளவு கீழேயோ அவ்வளவு தரை இறங்கியிருக்கிறது. கிழக்குக் கரை என்பதால் காலையில் கண் கூசும், பின்னேரம் போங்கள். வருடத்தில் தையும் புரட்டாதியும் அளந்து, தையைத் தையோடும் புரட்டாதியைப் புரட்டாதியோடும் ஒப்பிடுங்கள். தண்ணீருக்குள் போன மணல் இதில் தெரியாது. அதே கோட்டில் வள்ளத்தில் போய்க் கயிற்றில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாயாறு, வட்டுவாகல் மாதிரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காணி என்றால் இந்தத் தை, புரட்டாதிக் கணக்கு சரிவராது. மாரியில் களப்பு நிரம்பி மணல்தடையை உடைக்கும், கோடையில் அது திரும்ப மூடும், ஆனால் இந்த வருடம் உடைத்த நாளிலேயே அடுத்த வருடமும் உடைக்கும் என்றில்லை. உடைத்த இடமும் நகரும். அங்கே உடைத்த நாள், மூடிய நாள், இடம் மூன்றையும் கொப்பியில் எழுதி, இரண்டு பக்கமும் இரண்டு மூன்று கோடாவது அளக்க வேண்டும். ஒரே கோட்டை வைத்து யார் என்ன சொன்னாலும் தள்ளிவிடுங்கள்.

ஊருக்கு ஒரு அளவுக்கல் நட்டு வருடத்தில் இரண்டு தரம் அளக்க எத்தனை பேர் வேண்டும்? அரசாங்கக் கந்தோரில் கேட்டால் விண்ணப்பம் என்பார்கள், விண்ணப்பித்தால் அளவு எங்கே என்பார்கள். அதனால் கொப்பியில் திகதியும் படமும் சேர்த்து வையுங்கள். அலையைத் தடுக்கக் கரையில் நீங்களாகக் கல் கொட்டவும் வேண்டாம்: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் 300 மீட்டர் உள்ளே வரை கரையோர வலயம், அனுமதி இல்லாமல் செய்ய முடியாது; கொட்டினால் அரிப்பு பக்கத்துக் காணிக்குத்தான் போகும்.