பழைய டச்சு அச்சுப்படங்களில் கிராமம் எப்படி வந்தது?

தொடக்கம் ஆம்ஸ்டர்டாம் அல்ல, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரம். அங்கே ஹியரோனிமஸ் காக் என்ற பதிப்பாளர் 1559, 1561-இல் சுற்றுவட்டார ஊர்களைக் காட்டும் சிறிய செப்புத்தகட்டு அச்சுகளை வெளியிட்டார். பைபிள் கதையெல்லாம் கிடையாது. கூரை வீடு, வேலி, மண்பாதை, அவ்வளவுதான். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல். வரைந்தவர் பெயர்கூட இல்லை. 1612-இல் ஆம்ஸ்டர்டாமின் பதிப்பாளர் கிளாஸ் விஸ்ஸர் அவற்றை நகலெடுத்து, கிராமக் காட்சிகளுக்குப் பேர்போன ஓவியர் புரூகல் வரைந்தது என்று போட்டுவிட்டார் (நல்ல வியாபார மூளை!).

அப்புறம் டச்சு நகரமான ஹார்லெமின் ஓவியர் ஆட்ரியன் வான் ஓஸ்டாட, 1610–1685. சுமார் 50 அச்சுகள். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவது இவர் முறை. எனக்குப் பிடித்தவர் இவர்தான். காரணம், தெருவோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் போய்விடுகிறார். தெருவில் பிடில் வாசிப்பவர், பன்றி அறுப்பவர்கள், 1653-இல் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும் ஏழைக் குடும்பம். இளவயது ஓவியங்களில் குடியானவர்களின் அடிதடியைக் கேலி செய்தவர், பிற்பாடு அவர்களைப் பரிவோடு பார்க்கிறார்.