பம்ப் பழகிடுமா, நுரையீரல் வளருமா? கொடுங்கையூர் அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 7 வயசு. வடசென்னை கொடுங்கையூர்ல இருக்கோம், வீட்டுக்காரருக்கு மணலி ஏரியாவுல வேலை. பையனுக்கு மூணு வயசுலேருந்து வீசிங். தினமும் காலைல ராத்திரி இழுக்கச் சொல்லி ஒரு பம்ப் எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு மாசம் குடுத்தேன், இருமலே இல்ல, நிறுத்திட்டேன். பம்ப் பழகிட்டா விடவே முடியாது, பையன் வளத்தியும் நின்னுடும்னு மாமியார் சொல்றாங்க. இப்ப மறுபடி ராத்திரி ராத்திரி இருமுறான். இந்த ஏரியா காத்துல அவன் நுரையீரல் வளராமப் போயிடுமா? வீட்ட மாத்தணுமா? வியாசர்பாடில ஃபுட்பால் கோச்சிங் சேக்கச் சொல்லி அடம் புடிக்கிறான், சேக்கலாமா?

பதில்: அம்மா, மொதல்ல பம்ப்ப பேசிடலாம். இருமல் திரும்ப வந்ததுக்கு பெரும்பாலும் பம்ப்ப நிறுத்தினதுதான் காரணமா இருக்கும். உங்கள குத்தம் சொல்லல, என்கிட்ட வர்ற நிறைய அம்மாங்க இதேதான் பண்றாங்க, புள்ள நல்லா இருக்கான் எதுக்கு மருந்துன்னு தோணுறது இயல்புதானே. ஆனா வீசிங் உள்ள புள்ளைக்கு மூச்சுக்குழாயோட உள்பக்கம், இருமல் இல்லாத நாள்லயும் லேசா வீங்கியே இருக்கும். தினமும் இழுக்கிற பம்ப்ல இருக்கிற ஸ்டீராய்டு அந்த வீக்கத்த வத்த வைக்குது. மருந்த விட்டா ரெண்டு மூணு வாரத்துல வீக்கம் திரும்புது, அத பாத்துட்டுதான் பழகிடுச்சுன்னு சொல்றாங்க. சக்கரைக்கு மாத்திரை நிறுத்தினா சக்கரை ஏறும்ல, அத யாரும் பழக்கம்னு சொல்றது இல்லையே. நீலக் கலர் பம்ப் வேற, அது இளைப்பு வர்ற நேரத்துக்கு மட்டும்.

வளத்தி பத்தி மாமியார் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு, அத மறைக்க மாட்டேன். அமெரிக்காவுல ஸ்டீராய்டு பம்ப்ப நாலஞ்சு வருஷம் தினமும் இழுத்த புள்ளைங்கள பெரியவங்க ஆகுற வரைக்கும் விடாம பாத்து, 2012ல ரிசல்ட் வெளியிட்டாங்க. மத்த புள்ளைங்கள விட சராசரியா 1.2 சென்டிமீட்டர் கம்மி. அரை இன்ச் கூட இல்ல. அதுவும் ஆரம்பிச்ச மொதல் ரெண்டு வருஷத்துல வர்ற வித்தியாசம், வருஷா வருஷம் கூடிட்டே போகல. ராத்திரி தூங்காம இருமுற புள்ள, மாசம் ஒரு தடவ ஆஸ்பத்திரில நெபுலைசர் வெச்சுட்டு வாய் வழியா ஸ்டீராய்டு சிரப் குடிக்கிற புள்ள, அவனுக்கு ஒடம்புல போற ஸ்டீராய்டு இத விட எவ்ளோ அதிகம் தெரியுமா, சிரப்ல மில்லிகிராம் கணக்கு, பம்ப்ல அதுல ஆயிரத்துல ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கு. மூணு மாசம் இருமல், இளைப்பு எதுவும் இல்லாம இருந்தா டோஸ நாங்களே கொறைப்போம். நீங்களா நிறுத்தாதீங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

ஒரு வேளை நீங்க பம்ப் குடுத்தும் சரியா உள்ள போகாம இருந்திருக்கலாம், அதையும் பாத்துக்கோங்க. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க, ஸ்பேசர, அதான் பம்ப்போட மாட்டி இழுக்கிற பிளாஸ்டிக் குடுவைய, தினமும் கழுவி முந்தானையால பளபளன்னு தொடச்சு டப்பால வெச்சிருந்தாங்க, அவ்ளோ அக்கறை. ஆனா பிளாஸ்டிக்க துணியால தொடச்சா கரண்ட் மாதிரி ஒரு ஈர்ப்பு வரும், ஸ்கேல தலைல தேச்சு பேப்பர இழுப்போமே அது மாதிரி, மருந்து பூரா ஸ்பேசர் சுவத்துலயே ஒட்டிக்கும், புள்ள வாய்க்கு வர்றது கொஞ்சம்தான். சோப்புத் தண்ணில கழுவி, தொடைக்காம அப்படியே காய விடுங்க, மாசம் ஒரு தடவ போதும். பம்ப்ப நல்லா குலுக்கி ஒரு அழுத்து, அஞ்சாறு மூச்சு நிதானமா இழுக்கட்டும், அப்பறம்தான் அடுத்த அழுத்து. முடிஞ்சதும் வாய் கொப்புளிச்சுத் துப்பணும்.

இப்ப காத்து. உங்க பயம் நியாயமானது. புள்ளைங்க நுரையீரல்ல இருக்கிற காத்துப் பை எல்லாம் ரெண்டு மூணு வயசுக்குள்ள உருவாகி முடிஞ்சிடும்னுதான் நாங்க காலேஜ்ல படிச்சோம். 2012ல இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல ஹீலியம் வாயுவ இழுக்க வெச்சு ஸ்கேன் எடுத்துப் பாத்தவங்க, டீன் ஏஜ் வரைக்கும் புதுப் பை உருவாகிட்டே இருக்குன்னு சொன்னாங்க. உங்க பையனுக்கு 7தான் ஆகுது, இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கு.

தெற்கு கலிஃபோர்னியாவுல 1990கள்லேருந்து ஆயிரக்கணக்கான ஸ்கூல் புள்ளைங்கள வருஷா வருஷம் ஊத வெச்சு அளந்தாங்க. மோசமான காத்து இருக்கிற ஊர்ல வளர்ற புள்ளைங்களுக்கு 18 வயசுல நுரையீரல் பலம் கொறைஞ்சே இருந்துச்சு. பெரிய ஹைவேக்கு 500 மீட்டருக்குள்ள வீடு இருந்த புள்ளைங்களுக்கு, 1500 மீட்டர் தள்ளி இருந்தவங்கள விட வளர்ச்சி கம்மி. அப்பறம் அந்த ஊருங்கள்ல வண்டிப் புகைக்கு சட்டம் போட்டு காத்து மெல்ல சுத்தம் ஆச்சு, 15 வயசுல நுரையீரல் பலம் ரொம்பக் கொறைவா இருக்கிற புள்ளைங்க 100க்கு 7.9 பேர்னு இருந்தது 3.6 ஆச்சு. 2015ல வந்த இந்த ரிசல்ட்ட படிச்சப்போ எனக்கு நம்ம புள்ளைங்க ஞாபகம்தான் வந்துச்சு. நுரையீரல் ஆழம் வரைக்கும் போற நுண்தூசிய பிஎம் 2.5ன்னு சொல்வாங்க, நம்ம நாட்டுல அதுக்கு வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 40 மைக்ரோகிராம் வரைக்கும் போகலாம்னு வெச்சிருக்காங்க, உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 5. வடசென்னைல மட்டும் ஏன் எல்லா புகையும்னு நீங்க கேக்கணும்மா, வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க, கிராம சபை மாதிரி ஏரியா சபை கூட்டம் நடந்தா அங்க கேளுங்க, புள்ளையோட மருந்துச் சீட்டையும் கைல எடுத்துட்டுப் போங்க.

வீடு? வேலைய விட்டுட்டு ஊர மாத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாடகை என்னன்னு எனக்கும் தெரியும். அதே ஏரியாவுல வேற வீடு பாக்கிற சந்தர்ப்பம் வந்தா கன்டெய்னர் லாரி போற ரோட்ட விட்டு உள்ள தள்ளிப் பாருங்க. இப்ப இருக்கிற வீட்டுலயே ரோட்டுப் பக்க ரூம்ல அவன படுக்க வைக்காதீங்க. குப்பைமேடு எரியுற நாள், போகி அன்னிக்கு காலைல, ஜன்னல சாத்திட்டு அவன உள்ளயே வெச்சுக்கோங்க.

ஆனா வெளில இருக்கிற புகைய விட எனக்கு பெரிய கவலை உங்க வீட்டுக்குள்ள. கொசுவத்திச் சுருள் ஏத்துறீங்களா? ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள வர்ற நுண்தூசி 75லேருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு 2003லயே அளந்து சொல்லிட்டாங்க. கதவ சாத்திட்டு கட்டிலுக்கு அடில சுருள வெச்சு, அதுக்கு மேல வீசிங் புள்ள படுத்திருக்கான்னா ராத்திரி ராத்திரி இருமாம என்ன பண்ணுவான். இன்னிக்கே கொசு வலை வாங்குங்க. தலைக்கு ஊத்துனதும் சாம்பிராணி காட்டுறது மாமியாருக்கு ஆசையா இருக்கும், சளி பிடிக்கக் கூடாதுன்னு பாசத்துலதான் செய்றாங்க, துண்டால நல்லா துவட்டி விட்டாலே போதும்னு பக்குவமா சொல்லுங்க. வீட்டுல யாராச்சும் சிகரெட் பிடிச்சா மொட்டை மாடின்னு சமாதானம் சொல்ல வேணாம், சட்டைலயும் மூச்சுலயும் அது கூடவே வரும்.

ஃபுட்பால் தாராளமா சேருங்க! வீசிங் கட்டுப்பாட்டுல இருக்கிற புள்ள ஓடணும், ஆடணும். இருமல் அடங்கினதும் அனுப்புங்க, மொதல்ல கொஞ்ச நேரம் மெதுவா ஓடி ஒடம்ப சூடு பண்ணட்டும், நீலப் பம்ப்பும் ஸ்பேசரும் பைல இருக்கட்டும், கோச்சுக்கும் போட்டுக் காட்டிடுங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சமீர் ஆப்ல கொடுங்கையூர், மணலி காத்து எவ்ளோ மோசம்னு வருது, ரொம்ப மோசம்னு காட்டுற அன்னிக்கு மட்டும் லீவு.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோட காய்ச்சல், எடை கொறையறதுன்னு இருந்தா டிபிக்கும் பாக்கணும், அத வீசிங்னு விட்டுடாதீங்க. மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது, உதடு நீலமாகுதுன்னா நீலப் பம்ப்ப ஸ்பேசர்ல குடுத்துட்டே 108க்கு போன் பண்ணுங்க, ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ எது கிட்டயோ அங்க போயிடுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

இந்த வாரமே உங்க டாக்டர போய்ப் பாருங்க, பம்ப், ஸ்பேசர் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. அவன் எப்படி இழுக்கிறான்னு அவர் கண்ணு முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டட்டும்.