ஊஞ்சல், ஹார்ன், ஸ்பிரிங்: மும்பையிலிருந்து சில கேள்விகள்

கனமான பிள்ளை உட்கார்ந்தால் ஊஞ்சல் மெதுவாகத்தானே ஆடும்? என் மகள் இல்லை என்று அடம்பிடிக்கிறாள். (ஒரு தாய், தாராவி)

மகள் சொல்வதுதான் சரி. கனமான பிள்ளையைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது; அந்தப் பிள்ளையை அசைக்கவும் அதே அளவுக்கு அதிக விசை வேண்டும். கணக்கு சமமாகிவிடுகிறது. நூலில் ஒரு பூட்டைக் கட்டி, முடிச்சிலிருந்து பூட்டின் நடு வரை 1 மீட்டர் வைத்து, லேசாக இழுத்து விடுங்கள். 20 அலைவுகளுக்குச் (ஒரு அலைவு என்றால் ஒருமுறை போய்த் திரும்பி வருவது) சுமார் 40 விநாடி ஆகும். நீளத்தை 25 செ.மீ. ஆக்கினால் 20 விநாடி. நீளம் கால்வாசி, நேரம் பாதி. அலைவுநேரச் சூத்திரத்தில் நீளத்துக்கு வர்க்கமூலம் ஏன் இருக்கிறது என்று அவளே சொல்லிவிடுவாள். ஒரே ஒரு அலைவை மட்டும் அளக்க வேண்டாம், ஸ்டாப்வாட்ச் அழுத்தும் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். அப்புறம், அந்த 'லேசாக' முக்கியம்: 90 டிகிரிக்கு இழுத்து விட்டால் அலைவுநேரம் சுமார் 18 சதவீதம் கூடும். இதைப் பல வகுப்புகளில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தம்தான்.

மாட்டுங்காவில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் லோக்கல் நெருங்க நெருங்க ஹார்னின் சுருதி ஏறிக்கொண்டே வருமா? (11-ஆம் வகுப்பு மாணவர்)

ஏறாது. ஏறுவது சத்தம். ரயில் ஒரே வேகத்தில் நேராக வரும்வரை சுருதி கூடுதலாக, ஆனால் மாறாமல் இருக்கும். நம்மைக் கடக்கும்போது சட்டென்று இறங்கும். ஹார்ன் 400 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 400 அதிர்வுகள்), ரயில் மணிக்கு 72 கி.மீ., ஒலி விநாடிக்கு 340 மீட்டர் என்று வையுங்கள்: வரும்போது 425 ஹெர்ட்ஸ், போகும்போது சுமார் 378. இயற்பியலாளர் டாப்ளர் இந்த விளைவை 1842-இல் சொன்னார். 1845-இல் நெதர்லாந்தில் பய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி ஊதச்சொல்லி, காதாலேயே சோதித்தார்.

சீரலைவு எல்லாமே தனிச்சீரிசை இயக்கம்தானா? (செம்பூர்)

இல்லை. சம கால இடைவெளியில் திரும்பத் திரும்ப நடப்பதெல்லாம் சீரலைவு; தனிச்சீரிசை இயக்கம் அதில் ஒரு தனி வகை. மின்விசிறி சீராகச் சுற்றுகிறது, அது சீரலைவு மட்டுமே. நடுநிலைக்குத் திருப்பி இழுக்கும் விசை, விலகிய தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால்தான் தனிச்சீரிசை. ஸ்பிரிங்கில் இருக்கிறது. தரையில் குதிக்கும் பந்துக்கு இல்லை; காற்றில் இருக்கும்போதெல்லாம் அதன் மேல் ஒரே எடைதான்.

ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனால் எது மாறும்? (சயான்)

வேகமும் அலைநீளமும் (அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடையிலான தூரம்), இரண்டுமே நான்கு மடங்குக்கு மேல் கூடும். அதிர்வெண், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது, அப்படியே இருக்கும். அது ஒலி எழுப்பும் பொருளைப் பொறுத்தது.