அப்பாவின் பதினைந்து விழுக்காடு

அன்புள்ள அண்ணன்,

சென்ற மாதம் உங்கள் தளத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘பொருளியல் சரிந்தால் நம் அரசாங்கம் முதலில் தூக்கிவிடுவது முதலாளியைத்தான்.’ அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2020இல் நான் சிங்கப்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கொரோனா முடக்கம், ஏப்ரல், மே மாதங்களில் செய்ய வேலையே இல்லை. ஆனாலும் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அரசாங்கம் சம்பளத்தில் முக்கால் பங்கு தந்தது, அதனால்தான். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு, பிழைத்தது நான். இதை முதலாளிக்குச் செய்த உதவி என்று எப்படிச் சொல்வீர்கள்?

தீபாவளி அன்று வீட்டில் இதைப் பேசினேன். “எங்க காலத்துல கொடுக்கல, எடுத்தாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா தொலைக்காட்சி பக்கம் திரும்பிவிட்டார். எண்பதுகளில் கப்பல் பட்டறையில் இருந்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சான் புதுக்கோட்டைக்காரர், கட்டுமான வேலையில் இருக்கிறார். “எனக்குக் கொடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல மாப்ள” என்று சிரித்தார். மூன்று பேரும் வேலை பார்த்தது ஒரே ஊரில், ஒரே அரசாங்கத்தின் கீழ். யார் சொல்வது சரி?

பெயர் வேண்டாம்,
ஈசூன்

*

அன்புள்ள தம்பி,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. பாதி சரி, பாதி சோம்பல். உங்கள் அப்பா நான்கே சொல்லில் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் பொருளியல் மந்தம் 1985இல் வந்தது. 1979 முதல் சில ஆண்டுகள் சம்பளத்தை வேண்டுமென்றே உயர்த்திய கொள்கை இருந்தது. மலிவான கூலியை நம்பும் தொழில்கள் போய், திறன் கூடிய தொழில்கள் வரட்டும் என்பது கணக்கு. செலவு ஏறியது, வெளியே தேவை விழுந்தது, கப்பல் பழுதுபார்ப்பும் கட்டுமானமும் ஒன்றாகப் படுத்தன. அப்போது துணையமைச்சராக இருந்த லீ சியன் லூங் தலைமையில் ஒரு பொருளியல் குழு அமைந்தது. சம்பளத்தை உயர்த்தாமல் பிடித்து வைப்பது அது சொன்ன மருந்துகளில் ஒன்று. இன்னொன்றுதான் உங்கள் அப்பா சொன்னது. மத்திய சேமநிதியில், அதாவது முதலாளியும் ஊழியரும் மாதாமாதம் கட்டும் கட்டாயச் சேமிப்பில், முதலாளி கட்டவேண்டிய பங்கு சம்பளத்தின் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக இறங்கியது. 1986 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஊழியர் கட்டும் 25 அப்படியே நின்றது.

என் அப்பா அப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதுவரை முதலாளி 200 வெள்ளி கட்டினார், ஏப்ரல் முதல் 80. கையில் வாங்கும் பணத்தில் ஒரு காசு குறையவில்லை. ‘சேமிப்புதானே, வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலர் சமாதானம் சொன்னார்கள். ஆனால் எங்கள் வீவக வீட்டுக்கு (அரசாங்க அடுக்குமாடி வீடு) மாதத் தவணை போனது அந்தச் சேமநிதியிலிருந்து. கணக்கில் விழும் தொகை 400இலிருந்து 280 ஆனதும் தவணை இடித்தது. மிச்சத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. மாதம் 40 வெள்ளி சொச்சம்.

இன்று 40 வெள்ளிக்கு ஒரு குடும்பம் கோப்பிக்கடையில் இரண்டு வேளை சாப்பிடலாம். அன்று எங்கள் வீட்டில் அது மைலோ டின்னுக்குள் தனியாக எடுத்துவைக்கும் பணம். அம்மா எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். எனக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியின் வசைச் சொற்கள் சரளமாக வருவதற்குப் பொருளியல் மந்தமே காரணம் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு.

அப்பாவுக்கு வேலை போகவில்லை. அந்தக் குறைப்பு இல்லாவிட்டால் போயிருக்குமா? போயிருக்கலாம். பொருளியலும் சீக்கிரமே எழுந்துவிட்டது. ஆனால் எழுந்த பிறகு அந்தப் பதினைந்து விழுக்காடு முழுதாகத் திரும்பவில்லை. மெல்ல மெல்ல ஏறி 1994இல் முதலாளிக்கு 20, ஊழியருக்கு 20 என்று நின்றது. ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் 1999 ஜனவரியில் மறுபடி 10. பிறகு 16 வரை ஏறி, சார்ஸ் வந்த 2003இல் 13. இன்று ஐம்பத்தைந்து வயது வரையிலான ஊழியருக்கு முதலாளி கட்டுவது 17. அந்த 25ஐ அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அப்பா தம் பழைய சேமநிதி அறிக்கைகளை பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். 1986 அறிக்கையில் ஏப்ரல் வரிக்கு அடியில் மட்டும் பென்சில் கோடு இருந்தது. எதற்கு என்று நான் கேட்டதில்லை.

இனி உங்கள் கதைக்கு வருவோம். அது தொடங்குவது 2009இல். உலக நிதி நெருக்கடியின்போது பழைய வழக்கப்படி சேமநிதியில் கைவைப்பார்கள் என்றே பலர் நினைத்தார்கள். நிதியமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம் வரவுசெலவுத் திட்டத்தை ஜனவரிக்கே முன்கூட்டிக் கொண்டுவந்தார். மொத்தம் 20.5 பில்லியன் வெள்ளி. அதில் ஜாப்ஸ் கிரெடிட் என்ற திட்டத்தில், சேமநிதி கட்டப்படும் ஒவ்வொரு ஊழியருக்கும் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை அரசாங்கமே முதலாளிக்குத் தந்தது. 2,500 வெள்ளிச் சம்பளக்காரருக்கு மாதம் 300. அப்போது முதலாளியின் சேமநிதிப் பங்கு 14.5 விழுக்காடு, அதாவது 362 வெள்ளி சொச்சம். பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிட்டது பாருங்கள். முதலாளிக்கு 1986இல் கிடைத்த அதே நிம்மதிதான். ஆனால் அது உங்கள் அப்பாவின் கணக்கிலிருந்து போகவில்லை, நாட்டின் நிதியிருப்பிலிருந்து போனது. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த இருப்பைத் தொட அதிபர் ஒப்புதல் வேண்டும். முதல்முறையாக அந்தப் பூட்டைத் திறக்கச் சம்மதித்தவர் எஸ்.ஆர். நாதன். எடுத்த 4 பில்லியனையும் 2011இல் திருப்பி வைத்துவிட்டார்கள்.

2020இல் அதே உத்தி, அளவு மட்டும் பூதாகாரம். ஒரே ஆண்டில் பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள் நான்கு வரவுசெலவுத் திட்டங்கள், ஏறக்குறைய 100 பில்லியன் வெள்ளி. நீங்கள் சொல்லும் முக்கால் பங்கு, வேலை ஆதரவுத் திட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களுக்குக் கொடுத்தது. சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளிக்குத்தான் அந்தக் கணக்கு. உங்கள் மேலாளரின் சம்பளத்தில் முக்கால் பங்கு வந்திருக்காது. சுயதொழில் செய்தவர்களுக்கு மட்டும் பணம் நேராகக் கைக்கு வந்தது: தகுதி உள்ளவர்களுக்கு மாதம் ஆயிரம் என்ற கணக்கில் ஒன்பது மாதம். என் டாக்சி ஓட்டும் நண்பர் வண்டி வாடகை கட்டியது அதில்தான்.

ஆக, பணம் முதலாளி வழியாக வந்தாலும் காப்பாற்றியது உங்களை. இதை ஒத்துக்கொள்கிறேன். மந்தமே தெரியாத நிறுவனங்களுக்கும் அதே பணம் போனது. சில திருப்பிக் கொடுத்தன, பல கொடுக்கவில்லை. அவசரத்தில் வடிகட்டிக் கொடுக்க முடியாது என்பதும் நியாயம்தான். ஆனால் என் எரிச்சல் வேறு இடத்தில்.

இந்தத் திட்டங்கள் எல்லாம் ஊழியரை அடையாளம் காண்பது சேமநிதிப் பதிவேட்டை வைத்து. அதில் பெயர் இருந்தால் நீங்கள் ஊழியர். உங்கள் மச்சானுக்குச் சேமநிதி இல்லை; அவரைப் போல வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கிடையாது. அவர் சார்பில் முதலாளி கட்டுவது தீர்வை, வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பதற்கான மாதக் கட்டணம், அது அரசாங்கத்துக்குப் போவது. 2020 ஏப்ரலில் அந்தத் தீர்வையைத் தள்ளுபடி செய்து, ஒரு வேலை அனுமதிக்காரருக்கு 750 வெள்ளி என்று முதலாளிக்குத் திருப்பியும் கொடுத்தார்கள், அந்தப் பணத்தில் ஊழியர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. எத்தனை பேர் பார்த்துக்கொண்டார்கள் என்பது அந்தந்த பாஸின் மனசு.

உங்கள் மச்சான் ‘எடுக்கவும் இல்ல’ என்றது பெருந்தன்மை. அவரிடமிருந்து எடுத்தது எந்த அறிவிப்பிலும் வராத ஒன்று: ஓட்டி (OT), அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளம். தொற்றுக்காக வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பூட்டியிருந்த மாதங்கள் முடிந்து சில காலம் கழித்து, லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட் மாடிப்படி ஓரம் மன்னார்குடி பக்கத்துப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் இரண்டு சம்பளச் சீட்டுகளைக் காட்டினான். ஒரு நாளைக்கு 18 வெள்ளி, 26 நாள், 468. அது அடிப்படை. ஜனவரிச் சீட்டில் அதற்குக் கீழே ஓட்டி மட்டும் 390. மே மாதச் சீட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு. “அடிப்படைய கரெக்டா குடுத்துட்டாங்கண்ணே, குறை சொல்லக் கூடாது” என்றான். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடனுக்கு வட்டி அந்த ஓட்டியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு வேலை இருந்தது, சம்பளமும் வந்தது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவன் பாதிக்கப்பட்டவன் இல்லை.

வேலை போனவர்களும் கணக்கில் நிற்பதில்லை. அனுமதி ரத்தானால் விமானம் ஏற வேண்டும். 1985இலும் அப்படித்தான். 2020இல் குறைந்த வேலைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டவர் பார்த்தவை. ஆண்டு முடிவில் உள்ளூர்வாசிகளின் வேலை எண்ணிக்கை சற்றுக் கூடியே இருந்தது. நம்மூர் வேலையின்மை விகிதம் மற்ற நாடுகளோடு ஒப்பிட அழகாக இருப்பதற்கு திருச்சி விமான நிலையமும் ஒரு காரணம்.

கடிதத்தின் கடைசியில், நான் மேலே வெட்டிவிட்ட பத்தியில், இப்போது ஆட்குறைப்பு வந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம், அவ்வளவுதான். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக ஒன்று இருக்கிறது: தாமாக விலகாமல் வேலை இழந்து, மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்காதவர்களுக்கு, வேலை தேடுவதற்கான நிபந்தனைகளோடு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500, பிறகு படிப்படியாகக் குறையும். முதலாளியைத் தொடாமல் நேராக ஊழியர் கைக்கு. உங்கள் அப்பாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

அவரிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். எண்பத்தாறில் உங்கள் வீட்டிலும் தவணைக்கு ரொக்கம் கட்டினார்களா? கட்டியிருந்தால், அது எங்கிருந்து வந்தது?

அன்புடன்.