ராப் ஒட்ட நகைக் கடனைக் கூட்டலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கையில் மாதம் 46,000 ரூபாய் வருகிறது, தீபாவளிக்கு 35,000 போனஸ். 2014 மாடல் கார் ஒன்றை 2021-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பானட்டிலும் கூரையிலும் வார்னிஷ் உரிந்து திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. சக்கர வளைவில் லேசாகத் துரு. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்க 55,000 கேட்கிறார்கள். பானட்டும் கூரையும் மட்டும் என்றால் 14,000. தை மாதம் மைத்துனருக்குக் கல்யாணம். “பெயிண்ட் எல்லாம் பழசு மாமா. பளபளப்பில்லாத மேட் சாம்பலில் வினைல் ராப், அதான் வண்டி முழுக்க ஒட்டுற கலர் தாள், ஒட்டிட்டா நம்ம வண்டியிலேயே போகலாம். வேணாம்னா உரிச்சிடலாம், உள்ளே பெயிண்ட் புதுசா இருக்கும்” என்கிறார். ராப்புக்கு 72,000. கிரெடிட் கார்டில் மாதம் 6,000 வீதம் 12 மாதம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. கிடைக்கும். இல்லாவிட்டால் ஐப்பசியில் அடகு நகையைப் புதுச் சீட்டில் மாற்றி வைக்கும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறார். மனைவியின் 9 பவுன் 2022-லிருந்து ஒரு நிதி நிறுவனத்தில் அடகில் இருக்கிறது. 1,60,000-க்கு வைத்தது. வருடா வருடம் 40,000 கூட்டி வாங்கி இப்போது 2,80,000. வட்டி 12 சதவீதம். கூட்டி வாங்கும் பணத்திலேயே வட்டி கழிந்துவிடும் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. ராப்பா, பெயிண்டா? இ.எம்.ஐ.யா, நகையா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட வரி, பிரச்சினை இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிதான். காருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நகை.

2023-ல் 40,000 கூட்டி வாங்கினீர்கள். அந்த வருட வட்டி 19,200 போக கைக்கு வந்தது 20,800. 2024-ல் இன்னொரு 40,000. இரண்டு லட்சத்துக்கு வட்டி 24,000 போய்விட்டது, கைக்கு 16,000. 2025-ல் மறுபடி 40,000, வட்டி 28,800, கைக்கு வெறும் 11,200. மூன்று வருடத்தில் கடன் 1,20,000 ஏறியிருக்கிறது. உங்கள் கையில் விழுந்தது 48,000. மீதி 72,000 வட்டியாகவே போயிருக்கிறது. ராப் கடையில் கேட்கும் அதே தொகை.

வட்டியை நீங்கள் கட்டவே இல்லை. உங்கள் மனைவியின் சங்கிலியும் வளையலும் கட்டிக்கொண்டிருக்கின்றன. வருடா வருடம் கைக்கு வருவது குறைவதைக் கவனித்தீர்களா? வரும் ஐப்பசியில் 33,600 வட்டி. வழக்கம்போல் 40,000 கூட்டினால் கையில் நிற்பது 6,400. ராப்புக்கும் சேர்த்து வாங்கினால் 72,000-மும் 33,600-மும் ஏறி, கடன் 3,85,600 ஆகிவிடும். அதற்கு அடுத்த வருட வட்டி மட்டும் 46,000-க்கு மேல். உங்கள் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போகும்.

தங்கம் விலை ஏறுவதால் கேட்டபோதெல்லாம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இந்தத் தடவையும் கொடுக்கலாம். கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, “உங்களுக்கு இன்னும் எலிஜிபிலிட்டி இருக்கு சார்” என்று சொல்லும்போது ஏதோ பணம் நமக்கு வரவேண்டி இருப்பதுபோலத் தோன்றும். அந்தப் பேச்சில் எத்தனையோ குடும்பங்கள் விழுந்ததைப் பார்த்துவிட்டேன். விலை ஏறிய பலன் நகை வீட்டில் இருந்தால் உங்களுக்கு. அடகில் இருக்கும்போது அதே ஏற்றம் இன்னும் பெரிய கடனுக்குத்தான் வழி செய்கிறது.

சரி, கார். வினைல் ராப் மோசமான பொருள் கிடையாது. பெயிண்ட் நன்றாக இருக்கிற வண்டிக்கு, நிறம் மாற்ற ஆசைப்படுகிறவருக்கு, கம்பெனி வேனில் விளம்பரம் ஒட்டுகிறவருக்கு அது சரியான வழி. ஆனால் அது ஒரு பி.வி.சி. தாள். பின்னால் பசை. அந்தப் பசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ, அது உறுதியாக இருந்தால்தான் தாள் நிற்கும். உங்கள் பானட்டில் வார்னிஷே உரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒட்டினால் தாள் வார்னிஷைப் பிடித்திருக்கும், வார்னிஷ் எதையும் பிடித்திருக்காது. ஒழுங்காகச் செய்கிற கடைக்காரர் முதலில் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயிண்டும் அடித்துக் காயவிட்ட பிறகுதான் ஒட்டுவார். அப்படியானால் பெயிண்ட் செலவு எங்கே மிச்சமாகிறது?

தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் ராப் உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹீட் கன்னால் சூடு காட்டி, ஒரு மூலையைக் கிளப்பி மெதுவாக இழுத்தார்கள். கதவில் சுத்தமாக வந்தது. முன்பு ஒருமுறை வெளியே பெயிண்ட் அடித்திருந்த ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு), தாளின் பின்பக்கம் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே தகரம் தெரிந்தது. சக்கர வளைவில் தாளுக்கு அடியிலேயே துரு பரவியிருந்தது. ஒட்டும்போது இருந்த துரு உள்ளே ஈரத்தோடு அடைபட்டு, யார் கண்ணிலும் படாமல் வேலையைச் செய்திருக்கிறது. உள்ளே பெயிண்ட் புதுசாக இருக்கும் என்று மைத்துனர் சொன்னது, புது வண்டியில் ஒட்டினால் ஓரளவு உண்மை. உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

ஆயுள் கணக்கும் பாருங்கள். திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்யும் ‘காஸ்ட்’ (cast) ரகம் நல்லதாக இருந்தால் அதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் என்பார்கள். அது பக்கவாட்டுக்கு. வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பானட்டும் கூரையும் அதற்கு வெகு முன்பே வெளுக்கும். உருளையில் நசுக்கித் தட்டையாக்கும் காலண்டர்டு ரகம் விலை குறைவு. வெயிலில் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் விலகும். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து உங்களைப் போலப் பாரிமுனைக்கு வேலைக்குப் போகிற பலர் காரை வாரத்தில் ஒரு நாள்தான் எடுக்கிறார்கள். மீதி ஆறு நாளும் வண்டி தெருவில் வெயிலில் நிற்கும். திருவொற்றியூரின் உப்புக் காற்று, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, எல்லாம் கைப்பிடி ஓரத்திலும் கண்ணாடி மூலையிலும் புகும். மேட் ரகத்தைப் பாலிஷ் போட்டும் சரிசெய்ய முடியாது. மூன்று வருடம் தாங்குகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 72,000-மும் அதற்கு மூன்று வருட வட்டி சுமார் 26,000-மும் சேர்ந்து 98,000. மாதத்துக்கு 2,700 ரூபாய், பழைய காருக்குச் சட்டை போட.

நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பதிவுச் சான்றில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லவேண்டும். கடைக்காரர்கள் இதைச் சொல்லுவதில்லை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமை இல்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று அந்தக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பிராசஸிங் கட்டணமும், கார்டு பில்லில் காட்டும் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி.

ஆனால் அந்த இ.எம்.ஐ. பேச்சில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மாதம் 6,000 கட்ட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த 6,000-தான் எனக்கு வேண்டும்.

தை மாதக் கல்யாணத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மண்டப வாசலில் மேட் சாம்பல் நிறத்தில் கார் நிற்கிறது. மாப்பிள்ளையின் அக்கா கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு பந்தி விசாரிக்கிறார். அவருடைய சொந்தச் சங்கிலி ஐந்தாவது வருடமாக நிதி நிறுவனத்தின் லாக்கரில், இந்தத் தடவை தம்பியின் கல்யாண வண்டிக்காக. உங்கள் மைத்துனர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நகை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனைவியையும் வைத்துக்கொண்டு, அடகுச் சீட்டை மேஜையில் வைத்து, மேலே நான் போட்ட கணக்கை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுங்கள். எப்படியும் பானட் முழுக்கப் பூதான் இருக்கும்.

இனி செய்யவேண்டியது. இந்த ஆவணியிலிருந்து மாதம் 6,000 தனியாக எடுத்து வையுங்கள். மார்கழிக்குள் 30,000. ஐப்பசி வட்டி 33,600-ஐ தீபாவளி போனஸிலிருந்து கட்டுங்கள். ஒரு ரூபாய்கூடக் கூட்டி வாங்காதீர்கள். மாற்றி வைக்கும்போது ஒன்பது பவுனையும் ஒரே பொட்டலமாக வைக்காமல் இரண்டு சீட்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று பவுன் சங்கிலியின்மேல் 30,000 மட்டும், மீதி ஆறு பவுனின்மேல் 2,50,000. இப்போதைய தங்கம் விலைக்கு ஆறு பவுன் அதைத் தாங்கும். மொத்தக் கடன் அதேதான், வட்டியும் அதேதான். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு அந்த 30,000-ஐயும் இரண்டு மாத வட்டி அறுநூறு, எழுநூறையும் கட்டிச் சங்கிலியைத் திருப்பிவிடலாம்.

சக்கர வளைவில் இருக்கும் துருவை மட்டும் மழைக்கு முன்பே தேய்த்து பிரைமர் அடித்துவிடுங்கள். அது சில நூறு ரூபாய் வேலை, தள்ளிப்போடக்கூடாது. பானட்டும் கூரையும் தைக்குப் பிறகு, மூன்று மாதத்து 6,000-ல், அதே நிறத்தில். ஆர்.டி.ஓ. பக்கம் போகவே வேண்டாம். அதன்பிறகு மாதா மாதம் 6,000-மும் வருடா வருடம் போனஸும் அந்த 2,50,000-க்கே போகட்டும். ஏறக்குறைய மூன்று வருடத்தில் வளையலும் வீட்டுக்கு வரும். இடையில் பகுதிப் பணம் கட்டினால் அசலில் கழிப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது பொதுத்துறை வங்கியிலும் விசாரியுங்கள். அங்கே நகைக் கடன் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சீட்டைப் பிரிக்கும் அன்று உங்கள் மனைவியும் கூட வரட்டும். ஒவ்வொரு சீட்டிலும் எந்தெந்த நகை, எத்தனை கிராம், கல்லுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று அவரே பார்த்து வாங்கட்டும்.