வியட்நாமில் 1075-இலேயே அரசுப் பணித் தேர்வு வந்தும், லீ வம்சத்துக்குப் பின் வந்த ட்ரான் வம்சத்து அரசவையின் உயர் பதவிகளில் ஏன் இளவரசர்கள்?

தேர்வு இருந்ததும் சரி, இளவரசர்கள் பதவியில் இருந்ததும் சரி, முரண் இல்லை. லீ வம்சம் 1075-இல் தேர்வு வைத்தது உண்மை. முதலில் வந்த லே வான் தின் பின்னாளில் தலைமை அமைச்சராகவே ஆனார். ஆனால் தேர்வு ஒரு சின்ன வாசல்தான். பெரிய வாசல் பிறப்பு. ட்ரான் காலத்தில் முதலமைச்சர் ட்ரான் குவாங் காய், படைத்தலைவர் ட்ரான் ஹுங் டாவ் இருவருமே அரச ரத்தம்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 15-ஆம் நூற்றாண்டின் மன்னர் லே தான் தோங் காலத்து ஏற்பாட்டை (மூன்றாண்டுக்கு ஒரு தேர்வு) நாம் பின்னோக்கிப் பொருத்திவிடுகிறோம்.

சரிபார்க்க, ஹனோய் இலக்கியக் கோயிலில் கல் ஆமைகள் முதுகில் சுமக்கும் 82 கல்வெட்டுகளின் படங்களைப் பாருங்கள். ஆக முந்தையது 1442-ஆம் ஆண்டுத் தேர்வுக்கானது, நட்டதோ 1484-இல். லீ, ட்ரான் தேர்வுகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

ஒன்று மட்டும்: அந்தக் கல்வெட்டுகளில் இருப்பது தேறியவர் பட்டியல், பதவிப் பட்டியல் அல்ல. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை அதை வைத்துச் சொல்லாதீர்கள்.